மாடலிங்கிலிருந்து வானொலிக்கு: கூடவே வருவது எது, கழற்றி வைக்க வேண்டியது எது?

மெரிபேங்க்_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஃபேஷன் ஷோ, சேலைக்கடை விளம்பரம் என்று முகம் தெரிந்த ஒரு பெண், சமூக வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் தமிழும் ஆங்கிலமும் கலந்த நிகழ்ச்சி செய்ய முயற்சி எடுக்கிறார். மாடலிங்கில் பல வருடப் பழக்கம். மேடைக் கூச்சமோ கேமராக் கூச்சமோ துளியும் இல்லை. ஆனால் ஒத்திகைப் பதிவைக் கேட்டால் குரல் மெலிந்து, வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது. ரேம்ப்பிலிருந்து மைக்குக்கு வருகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்? எதை முதலில் சரிசெய்யணும்? டெமோ (நிலையத்துக்கு அனுப்பும் மாதிரிப் பதிவு), ஒப்பந்தம் பற்றியும் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

வெருலம்_ஒலி
தம்பி, நீங்க சொல்றது மாடலிங்கிலிருந்து வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற குறைதான், காரணமும் தெளிவானது. ரேம்ப்பில் நடக்கிறவர்கள் வயிற்றை உள்ளிழுத்தே பழகியவர்கள். வயிறு இறுகியிருந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. மூச்சு மார்புக்கு மேல் பாதியிலேயே நின்றுவிடும், தோள் ஏறி இறங்கும், கழுத்துத் தசை இறுகும், குரல் மெலிந்து மேலே ஏறும். குரலில் ஒரு குறையும் இல்லை. வயிற்றை விடச் சொன்னாலே பாதி சரியாகும். ஆனால் அதை விடுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் வருடக்கணக்கில் உடம்பில் ஏறிய பழக்கம்.

செய்யவேண்டியது இது. தரையில் மல்லாந்து படுத்து, தொப்புள் மேல் ஒரு கனமான புத்தகம். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சு, புத்தகம் மேலே எழும்பணும், மார்பு அசையக் கூடாது. பிறகு பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக விடணும். தொடக்கத்தில் 10, 12 நொடியில் தீர்ந்துவிடும். 20, 25 நொடிக்கு வரும்வரை தினம் ஐந்து நிமிடம் போதும். அது வந்த பிறகு அதையே உட்கார்ந்து, அப்புறம் நின்று.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள்: சேலை கட்டி ஸ்டூடியோவுக்குப் போகிற நாளில் பாவாடை நாடாவைப் பாருங்க. சேலை நழுவாமலிருக்க இடுப்பை வெட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டுவது மாடல்களுக்கு வழக்கம். அந்த முடிச்சோடு ஒரு மணி நேரம் பேசினால் புத்தகப் பயிற்சி அத்தனையும் வீண். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்த்தணும், இல்லையென்றால் தளர்ந்த உடுப்பில் போய்விட்டு படம் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளணும். குதிகால் செருப்பையும் மேசைக்குக் கீழே கழற்றிவிடணும். பாதம் முழுதாகத் தரையில் பதிந்தால்தான் இடுப்பு நேராகும்.

லெனேசியா_லதா
வெருலம் அண்ணா சொன்னதோடு முகத்தையும் சேர்க்கணும். மாடல்களுக்கு முகத்தை அசைக்காமல் வைக்கத் தெரியும், அல்லது ஒரே சிரிப்பை நிறுத்தி வைக்கத் தெரியும். இரண்டுமே மைக்கில் கேட்கும். உதட்டை அகலமாக இழுத்த சிரிப்போடு பேசினால் உ, ஊ, ஓ மூன்றும் தட்டையாகிவிடும், 'ஊர்' என்பது ஏறத்தாழ 'இயுர்' ஆகும். சிரிப்பு வேண்டாமென்று சொல்லவில்லை. கன்னம் உயர்ந்திருக்கட்டும், உதடு தன் வேலையைச் செய்யட்டும். கையையும் கட்டிவைக்கக் கூடாது. கை அசைந்தால் குரலில் ஏற்ற இறக்கம் தானாக வரும்.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே நம் பிள்ளைகளில் நிறைய பேர் வீட்டில் ஆங்கிலம் பேசி, தமிழைக் கோயிலிலும் சனிக்கிழமை வகுப்பிலும் படித்தவர்கள். தமிழ்ப் பகுதியை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அதில் ண, ன, ந மூன்றும் ஒரே எழுத்து, ல, ள இரண்டும் ஒரே எழுத்து. படிப்பவர் மேல் குற்றமில்லை, தாள்மேல் குற்றம். தமிழ் எழுத்திலேயே எழுதணும். படிக்க வேகம் போதாவிட்டால் ஆங்கில எழுத்துக்கு மேலே அந்த ஒரு எழுத்தை மட்டும் தமிழில் சிவப்பாகக் குறிக்கணும். ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும், ள-வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு வளையும் ஆனால் எங்கும் தொடாது. கண்ணாடி முன்னால் 'பல், பள்ளம், பழம்' என்று பத்துமுறை, மெதுவாக.

இதே கவனம் ஜூலு, கோசா மொழிப் பெயர்களுக்கும் வேண்டும். தமிழ் நிகழ்ச்சி என்பதற்காக Umhlanga என்ற ஊரை 'உம்லங்கா' என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அந்த 'ஹெச்-எல்' ஒலிக்கு நாக்கை ல-வுக்கு வைத்து, குரல் கொடுக்காமல், பக்கவாட்டில் காற்றை ஊதணும். உம்குங்குண்ட்லோவு (uMgungundlovu) மாவட்டப் பெயரில் வருகிற 'டி-எல்' அதே இடம்தான், குரலோடு. போர்ட் எலிசபெத்துக்கு 2021-இல் வந்த Gqeberha என்ற புதுப் பெயரின் தொடக்கத்தில் இருப்பது நாக்கை அண்ணத்தில் ஒட்டி உறிஞ்சி விடுகிற சொடக்கு, பெயரின் நடுவில் தொண்டையை உரசும் ஒரு ஒலியும் உண்டு. வானிலை, போக்குவரத்து வாசிக்கும்போது இவை தினம் வரும். அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுப் பழகுவதே சரியான வழி.

ஒலிக்கூடம்_செல்வா
மைக் பக்கம் நான் சொல்கிறேன். கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும் பழக்கம் மைக்குக்கு ஆகாது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சத்தம் குறைந்து கூடும். வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர், மைக் வாய்க்கு நேரெதிரே இல்லாமல் வாயின் ஓரத்தில், உள்நோக்கிச் சாய்ந்து. ப, ம்ப வருகிற சொல்லில் காற்று நேராக அடிக்காமல் தப்பிக்க இதுதான் வழி. 'பொங்கல்', 'பிள்ளையார்', 'அம்பாள்' மூன்றையும் சொல்லிப் பார்த்தால் இடம் சரியா என்று தெரியும்.

நெருங்கினால் குரல் கனமாகக் கேட்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, மெலிந்த குரல்காரர்கள் மைக்கை முத்தமிடுகிற தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் நெருங்கினால் கீழ்ஸ்தாயி கூடுவது உண்மை. ஆனால் தலை ஒரு அங்குலம் நகர்ந்ததும் அது போய்விடும், கேட்பவருக்கு இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிற மாதிரி இருக்கும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 மைக் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கவே வடிவமைத்தது, அதனால்தான் வானொலி அறைகளில் அது அதிகம். ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக், ஆனால் 60 டெசிபல் அளவுக்கு கெயின் (ஒலிப் பெருக்கம்) கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இன்டர்ஃபேஸில் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

நகை. கண்ணாடி வளையல் மேசையில் படுகிற சத்தம் தட்டைத் தட்டுகிற மாதிரி கேட்கும், ஜிமிக்கி ஹெட்போன் கிண்ணத்தில் உரசும், கழுத்துச் சங்கிலி ஒவ்வொரு முறை குனியும்போதும் கிலுங்கும். பட்டுச் சேலையின் முந்தானை கையில் உரசுவதும் விழும். வாசலில் ஒரு கிண்ணம் வைத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது நல்ல வழக்கம். மைக்கின் நுரை உறையில் லிப்ஸ்டிக் ஒட்டும், அடுத்து வருபவர் முகம் சுளிப்பார். ஆளுக்கொரு உறை சொந்தமாக வைத்துக்கொள்வது சுத்தம்.

இன்னொரு விஷயம், பட்டினியாக வரக் கூடாது. படப்பிடிப்புக்கு முன்னால் சாப்பிடாமலிருந்து பழகியவர்கள் அதையே இங்கேயும் செய்கிறார்கள். வயிறு இரைவதை மைக் தெளிவாகப் பிடிக்கும், அரை மணியில் குரலும் தளரும். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். தயிரும் பாலும் சிலருக்குத் தொண்டையில் சளி கட்டின உணர்வைத் தரும், அப்படியானவர்கள் தள்ளிவைக்கலாம்.

மெரிபேங்க்_தம்பி
செல்வா அண்ணா, வீட்டில் யுஎஸ்பி மைக்தான் இருக்கு. டெமோவை வீட்டிலேயே பதிவு செய்யலாமா? அறையில் எதிரொலி ரொம்ப.

ஒலிக்கூடம்_செல்வா
தாராளமாகச் செய்யலாம். மைக்கைவிட அறைதான் முக்கியம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்க. பலர் அலமாரியைப் பார்த்து உட்காருகிறார்கள், அது பாதிப் பலன்தான். மைக் பேசுபவரின் திசையைத்தானே கேட்கிறது, ஆக அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரிலிருந்து திரும்பும் ஒலியையே முதலில் அடக்கணும். மேசைமேல் ஒரு தடித்த துண்டு விரிக்கணும், ஜன்னலுக்குக் கம்பளி.

லோட்-ஷெட்டிங் (சுழற்சி மின்வெட்டு) நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவு செய்யாதீங்க. மலிவான இன்வெர்ட்டர் தூய சைன் அலை கொடுக்காது, பதிவு முழுக்க ஒரு ரீங்காரம் ஓடும், பிறகு எடுக்கவே முடியாது. மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் சுத்தமாக வரும். மின்சாரம் இருக்கிற நாளிலும் அப்படியே செய்யலாம், சார்ஜர் வழியாக வருகிற 50 ஹெர்ட்ஸ் முனகலும் இருக்காது. குளிர்சாதனப் பெட்டி பக்கத்து அறையிலிருந்தால் அதன் மோட்டார் ஓடாத இடைவெளி பார்த்துப் பதிவு செய்யணும். ஹடீடா பறவை கத்துகிற அதிகாலையும் சாயங்காலமும் வேண்டாம், டர்பனில் அதற்குத் தப்பிய பதிவு அரிது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால் மழை நாளையும் விட்டுவிடுங்க.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சத்தம் மிகும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது, சாதாரணப் பேச்சு மைனஸ் 12 ஓரத்தில். சிவப்பு ஒருமுறை எரிந்தாலும் அந்தச் சொல் உடைந்துவிட்டது, திருப்பிப் பேசுவதே மேல்.

சாட்ஸ்வொர்த்_ராஜம்
மூச்சும் மைக்கும் பழகிவிடும் தம்பி. மாடல்களுக்கு நெடுநாள் பிடிப்பது வேறு ஒன்று. அவர்கள் பார்த்ததைச் சொல்லாமல், பார்த்ததற்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் சொல்கிறார்கள். 'அவ்வளவு அழகு', 'சூப்பரா இருந்துச்சு' என்று. கண்ணால் புரியவைத்தே பழகியவர்கள். வானொலியில் கேட்பவருக்குக் கண் கிடையாது.

ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில்லில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். 1897 முதல் நடக்கிறது, இன்று பந்தயத்துக்குச் சமமாக உடுப்புக்காகவும் கூட்டம். அங்கிருந்து நேரடி ஒலிபரப்பில் ஒரு மாடலை அனுப்பினால் எல்லாரையும்விட நன்றாகச் சொல்ல முடியும், துணி தெரியும், தையல் தெரியும். ஆனால் சொல்லவேண்டிய வரிசை இருக்கு. முதலில் இடம்: எங்கே நிற்கிறேன். பிறகு ஒரே ஒரு ஆள். அப்புறம் நிறம், நிறத்துக்கு வீட்டில் தெரிந்த பெயர்: 'மாம்பழ மஞ்சள்', 'மயில்கழுத்து'. பிறகு அளவு: கரை நாலு விரல் அகலம், தொப்பி தோள் அகலம். கடைசியில் அசைவு: காற்றில் எது பறக்கிறது, எதைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் 30 நொடி. 'நீங்க பாக்கலாம்', 'இந்த மாதிரி', 'இங்க' என்ற சொற்களை அடித்துவிட வேண்டும். மாரியம்மன் கோயில் திருவிழாவிலோ காவடியிலோ போய் நின்றாலும் இதே வரிசைதான்.

அன்றாட இணைப்புப் பேச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பேச்சில் ஒரு விஷயம். 30 முதல் 60 நொடி. முடிவு வாக்கியத்தை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பேசத் தொடங்கணும், இல்லாவிட்டால் 'சோ, ஆமா, ஓகே' என்று இழுத்து இழுத்து நிற்கும். பழைய தமிழ்ப் படப் பாட்டுகளில் முன்னிசை நீளம், அரை நிமிடத்தையும் தாண்டும். அதன்மேல் பேசலாம், ஆனால் பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தணும். பாட்டு பாட்டாக முன்னிசை எத்தனை நொடி என்று நோட்டில் எழுதிவைப்பவர்களே இதைச் சரியாகச் செய்கிறார்கள். பாடகர் குரல்மேல் ஏறிப் பேசினால் சாட்ஸ்வொர்த் பாட்டிமார் உடனே போன் போடுவார்கள். அது நியாயமான கோபம், அந்தப் பாட்டைக் கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாரோடு பேசுகிறோம் என்பதும் முக்கியம். 'ஹலோ எல்லாருக்கும்' என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிற குரல் வேண்டாம். அடுப்படியில் பருப்பு தாளிக்கிற ஒரு அக்கா, அவ்வளவுதான். லென்ஸை ஒரே ஆளாக நினைத்துப் பார்க்கிற வித்தை மாடல்களுக்கு ஏற்கெனவே கைவந்தது, அதையே மைக்குக்கு மாற்றச் சொன்னால் சட்டெனப் புரிந்துகொள்வார்கள்.

பீனிக்ஸ்_பாலா
எல்லாம் சரி, ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகணும். முகம் தெரிந்ததால் நாற்காலி கொடுப்பதை நான் ஏற்கவில்லை. 1997-இல் கெரிஷ்னி நாயக்கர் மிஸ் சவுத் ஆஃப்ரிக்கா ஆனபோதும், 2008 பட்டம் டேட்டம் கேஷ்வருக்கு வந்தபோதும் நம் ஊரே கொண்டாடியது, அது வேறு. பட்டம் பேட்டிக்கு அழைப்பு வாங்கித் தரும். வாரா வாரம் ஒரு மணி நேரம் உட்கார அது போதாது. 1983-இல் இங்குள்ள இந்திய மக்களுக்கான ரேடியோ லோட்டஸ் நிலையம் தொடங்கியதிலிருந்து நம் மக்கள் குரலை வைத்தே அறிவிப்பாளரை வீட்டுக்குள் விட்டவர்கள். முகமே தெரியாத குரலுக்கு அந்த மரியாதை. நிலையங்களோ சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்து ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டன.

சாட்ஸ்வொர்த்_ராஜம்
பாலா தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் முகத்தால் உள்ளே வந்து குரலால் நிலைத்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடக் கூடாது. நிலையம் முகத்தைக் கேட்பது வெளி ஒலிபரப்புக்காக: கடைத் திறப்பு, தீபாவளி விழா மேடை. அந்த வருமானத்தில்தான் பல நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. முகத்துக்காக எடுத்தார்களா என்பதைவிட, எடுத்தபின் பயிற்சி கொடுத்தார்களா என்று கேட்பதே நியாயம். ஆறு வாரம் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடவிட்டு, இருமும்போது மைக்கை அணைக்கும் இருமல் பொத்தான் எங்கே என்று காட்டி, பிறகு தனியாக விட்டால் யாரும் தேறுவார்கள். அப்படியே நேரடியில் தள்ளுவதுதான் அநியாயம், அந்தப் பெண்ணுக்கும் கேட்பவருக்கும்.

பீனிக்ஸ்_பாலா
பயிற்சி கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை அக்கா. அப்படியானால் டெமோவில் முகத்தை ஒளித்துவிடச் சொல்லுங்க. படம், பட்டம், விளம்பரப் பட்டியல் எதுவும் இணைக்காமல் ஒலிக்கோப்பு மட்டும். மூன்று நிமிடம், அதிகபட்சம் ஐந்து. நிகழ்ச்சி மேலாளர் முதல் 20 நொடியிலேயே முடிவெடுப்பார், ஆகவே சிறந்த பேச்சு முதலில். பாட்டுகளைத் தொடக்கமும் முடிவும் இரண்டு நொடி விட்டு வெட்டிவிடணும். உள்ளே இருக்கவேண்டியது: ஒரு பாட்டு அறிமுகம், ஒரு ஊர்ச் செய்தி, ஒருவரைப் பேட்டி எடுக்கும் துண்டு, ஒரு வாழ்த்து வாசிப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறுகிற இடம் ஒன்றாவது இருக்கணும், அந்த மாற்றம் தடுக்கி விழாமல் வருகிறதா என்றுதான் நம் நிலையங்கள் பார்க்கும். அவர்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லி, ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற மாதிரி நடிக்கக் கூடாது. எம்பி3, 192 கேபிபிஎஸ், கோப்புக்குப் பெயரும் மாதமும்.

வரி_வாசு
ஒப்பந்தம் பற்றிக் கேட்டீர்கள். மாடலாக இருந்தவருக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு, பழைய ஒப்பந்தங்கள். ஒரு நகைக்கடைக்குப் படம் கொடுத்திருப்பார், அதில் 'போட்டி நிறுவனத்தை இத்தனை மாதம் விளம்பரப்படுத்தக் கூடாது' என்ற வரி இருக்கும். அவர் நிகழ்ச்சிக்கு இன்னொரு நகைக்கடை விளம்பரதாரராக வந்து, அவரே அதை வாயால் வாசித்தால் மீறல். கையெழுத்துப் போடுமுன் நடப்பிலுள்ள எல்லா ஒப்பந்தங்களையும் எடுத்து, எந்தப் பொருள், எந்த நாடு, எந்தத் தேதிவரை என்று மூன்று பத்தி போட்டு எழுதி நிலையத்திடம் கொடுத்துவிடணும்.

மாடல் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டே, பொதுவாக 20 சதவீதம் அல்லது மேலே. வானொலி வேலைக்கும் அவர்கள் கேட்பார்களா என்பது பழைய ஒப்பந்தத்தின் வார்த்தையில் இருக்கிறது. 'மாடலிங் வேலை' என்றிருந்தால் கிடையாது. 'பொழுதுபோக்கு மற்றும் ஊடக வேலை அனைத்தும்' என்றிருந்தால் உண்டு. அதை முன்கூட்டியே எழுத்தில் விலக்கி வாங்குங்க.

சமூக வானொலியில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பயணப்படி அளவுக்கு ஏதோ வரும். பெரிய நிலையங்களிலும் அறிவிப்பாளர்களை ஊழியராக எடுக்காமல் சுயேச்சை ஒப்பந்தக்காரராக எடுப்பது வழக்கம். அப்போது வருமானவரியை அவரே பார்த்துக்கொள்ளணும்: சார்ஸில் (தென்னாப்பிரிக்க வரித்துறை) தற்காலிக வரி, ஐஆர்பி6 படிவம், ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, பிப்ரவரி கடைசியில் ஒன்று. உடுப்பு, முடியலங்காரச் செலவைக் கழிக்கலாம் என்று நினைத்துவிடாதீங்க, அன்றாடம் உடுத்தக்கூடிய உடுப்பை அவர்கள் ஏற்பது கடினம்.

ஒலிபரப்பில் கவனிக்கவேண்டியவை இரண்டு. காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியணும். வாழ்த்துக் கேட்டு எழுதியவரின் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ வாசிக்கவே கூடாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. நிகழ்ச்சியைப் பிறகு பாட்காஸ்டாகப் போட ஆசை வரும், அப்போது பாட்டுகளை எடுத்துவிடுங்க. நிலையம் ஒலிபரப்புக்கு வாங்கிய உரிமம் அவருடைய தனிப் பக்கத்துக்குச் செல்லாது.

லெனேசியா_லதா
குரல் பாதுகாப்பு விடுபட்டுப்போச்சு. இரவு பத்து மணிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுப் படுத்து, காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு வந்தால் தொண்டை கரகரக்கும். வயிற்று அமிலம் படுத்திருக்கும்போது மேலேறிக் குரல்நாளத்தை எரிப்பதுதான் காரணம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. சளி மாத்திரைகளில் பல தொண்டையை வறட்டும், மென்தால் மிட்டாயும் அப்படியே. குரல் அடைத்தால் குசுகுசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, இன்னும் கெடுக்கும், வாயை மூடுவதே ஓய்வு. தண்ணீர் குடித்த உடனே குரல்நாளத்துக்குப் போய்ச் சேராது, முந்தின நாளிலிருந்தே குடிக்கணும். நிகழ்ச்சிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை இரண்டு சென்டிமீட்டர் மூழ்கவைத்து, 'ஊ' என்று முனகியபடி ஐந்து நிமிடம் குமிழி விடச் சொல்லுங்க, இதைவிட நல்ல சூடேற்றம் இல்லை. கரகரப்பு மூன்று, நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயே ஆகணும்.

மெரிபேங்க்_தம்பி
எல்லாருக்கும் பெரிய நன்றி. எந்த மாதத்தில் நிகழ்ச்சி கேட்டுப் போவது நல்லது?

சாட்ஸ்வொர்த்_ராஜம்
புரட்டாசிக்கு இரண்டு மாதம் முன்னால், அதாவது ஜூலை நடுவில் டெமோவைக் கொடுங்க. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்திப் பாட்டு, விரதச் சமையல், வாழ்த்து என்று தமிழ் நேரத்துக்குத் தேவை கூடும், உடனே தீபாவளி வரும். நிலையத்துக்கு அப்போது கூடுதல் கை வேண்டும். முதலில் வாழ்த்து வாசிக்கிற பத்து நிமிடம் மட்டும் கேட்கச் சொல்லுங்க. பெயர்களைப் பிழையில்லாமல் வாசித்தால் அடுத்த வாரம் அவர்களே இருபது நிமிடம் தருவார்கள்.

வெருலம்_ஒலி
அந்தப் பத்து நிமிடத்தையும் ஒவ்வொரு வாரமும் பதிவு செய்து வைக்கணும். மறுநாள் கேட்கும்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்க. கோடு பெயருக்கு நடுவில் விழுந்தால் அடுத்த வாரம் அந்த வரியை இரண்டாக உடைத்து எழுதணும்.